யாரும் தொடாத பெல்ட்

அரியலூர் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் ஆலைக்கு எண்பத்தெட்டில் கம்ப்யூட்டர் வந்தபோது, தனத்தைப் பிடித்து அதன் முன்னால் உட்கார வைத்தார்கள். கல் ஏற்றும் பெல்ட்டை இனி ஓட்டுவதும் நிறுத்துவதும் அதுதான். அந்தப் பெட்டியின் சுவிட்சைப் போட்டதும் அது தேதி கேட்கும், நேரம் கேட்கும். பெல்ட்டில் ஆள் இல்லையே என்று ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்து, மணியடித்து, பெல்ட் புரோகிராமின் பெயரைத் தனம் தட்டினால்தான் வெளியே மோட்டார் உறுமும்.

கரண்ட் போய்ப் போய் வருகிற ஊரில் ஒவ்வொரு தடவையும் இதென்ன சடங்கு என்று மேனேஜர் வேணுகோபாலுக்கு எரிச்சல். மெட்ராஸிலிருந்து ஒரு இன்ஜினியரை வரவழைத்தார். அந்த மகராசன் நாலு வரி எழுதிவிட்டுப் போனார். இனிமேல் பெட்டிக்கு உயிர் வந்தால் போதும், புரோகிராம் யாரையும் கேட்காமல் தானாக எழுந்து பெல்ட்டை ஓட்டிவிடும். "ஆள் பாக்காம ஓட்டலாமா சார்?" என்றாள் தனம். "ஒன் வேலை போயிரும்னு பயப்படுற" என்று மேனேஜர் சிரித்து, அவளை டைப் ரூமுக்கு மாற்றினார். மறுநாள் தூசி படாமல் இருக்க அறையைப் பூட்டி, சாவியோடு டவுனுக்குப் போய்விட்டார்.

அன்று முற்பகலில் கரண்ட் போனது. பூட்டிய அறையில் பெட்டியின் சுவிட்ச் போட்டபடியே இருந்தது. யார்தான் அணைக்கிறார்கள்? கரண்ட் வந்தது தெரிய வேண்டாமா?

டைப் ரூமிலிருந்து வெளியே வந்த தனம் பார்த்தாள். கூலியாள் அரியமுத்து கடப்பாரையைப் பெல்ட்டின் மேல் போட்டுவிட்டு, தானும் ஏறிக்கொண்டிருந்தார். பெல்ட்டின் முனையில் கல்லை உடைக்கும் கிரஷரின் வாயில் சிக்கிய கல்லை நெம்ப வேண்டும். கரண்ட் போகும்போதெல்லாம் அதுதான் அவர் வேலை.

"அண்ணே, ஏறாதீங்க! கரண்ட் வந்தா அது தானா ஓடிரும்!"

"ஆளு தொடாம ஓடுமா பாப்பா? கரண்ட் இல்லாதப்ப ஏறாம, இருக்கிறப்பவா ஏறச் சொல்லுற?"

தனம் வெட்கத்தை விட்டு அவர் காலைக் கட்டிக்கொண்டு கீழே இழுத்தாள். சுற்றி நின்றவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். பூட்டிய அறையின் ஜன்னலில் டியூப்லைட் மினுக்கி எரிந்தது.

"கரண்ட் வந்துட்டு. ஓடுச்சா? வுடு, கடப்பாரைய எடுத்துட்டு வந்துர்றேன்."

அவள் விடவில்லை. உள்ளே பெட்டி கரகரத்தது. மணி இல்லை, குரல் இல்லை. பெல்ட் ஒரு குலுங்கு குலுங்கிவிட்டு ஓடத் தொடங்கியது. கடப்பாரை அவர்கள் கண்ணெதிரே கிரஷர் வாய்க்குள் போனது. இரும்பு நொறுங்கும் சத்தத்தில் சிரிப்பு அடங்கிப்போனது.

தப்பித்துவிட்டார் என்று தனத்துக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அரியமுத்து அவளைப் பார்க்கவில்லை. பெல்ட்டின் மறுகோடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாவி யாருகிட்ட இருக்கு?" என்றார். "அந்தக் கோடியில என் தம்பி ஏறிருக்கான்."