செவிட்டுக் காது

அலுவலகத்தில் அக்காவுக்குச் சல்லடை என்று பெயர். மூன்று விண்கலங்கள் முக்கோணமாக நின்று ஒன்றுக்கொன்று லேசர் அனுப்பிக்கொண்டு சூரியனைச் சுற்றுகின்றன. அந்தத் தரவிலிருந்து கருவிகளின் இரைச்சலையும் இரட்டை நட்சத்திரங்களின் அலைகளையும் ஒவ்வொன்றாகச் சலித்து எடுப்பது அவள் வேலை. கடைசியில் மிஞ்சுவது, பிரபஞ்சம் பிறந்தபோது கிளம்பிய ஈர்ப்பலையாக இருக்கலாம். பதினோரு வருடம் சலித்தாள். ஒரு முனகல் மிஞ்சியது. அந்த மாதமே படுத்த படுக்கையானாள்.

ஒரு சோதனை பாக்கி இருந்தது. மூன்று கலங்களின் அளவுகளையும் ஒருவிதமாகக் கூட்டிக் கழித்தால் ஈர்ப்பலை அநேகமாக அழிந்துபோய், கருவியின் இரைச்சல் மட்டும் நிற்கும். அதை அக்கா செவிட்டுக் காது என்பாள். அந்தக் காதிலும் முனகல் கேட்டால் அது வானத்திலிருந்து வந்ததல்ல. நானும் அதே பிரிவில்தான் இருந்தேன். சோதனையை நான்தான் செய்தேன்.

முனகல் கேட்டது.

மருத்துவமனைக்குப் போனபோது குழுத் தலைவரும் கட்டிலருகே இருந்தார்.

"செவிட்டுக் காதுல போட்டுப் பாத்தியாடி?"

"பாத்தேன்கா. ஒண்ணுமே இல்ல."

"சும்மா சொல்லாத."

"உன்மேல சத்தியமா."

அக்கா சிரித்தாள். "அப்ப இனிமே எவனும் என்னைச் சல்லடைன்னு கூப்பிடக் கூடாது. மேடம்னு சொல்லச் சொல்லுங்க சார்."

தலைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நாலாம் நாள் அவள் போய்விட்டாள்.

முனகலைக் கண்டுபிடிப்பாக அறிவிக்கும் கட்டுரையைத் தலைவரே எழுதி முடித்தார். அக்கா பெயர் முதலில் இருந்தது. ஏழாம் பக்கத்தில் ஒரு வரி: அந்தச் சோதனையும் செய்யப்பட்டது, முனகல் இல்லை. என் வாய்ச்சொல்லை நம்பி எழுதியது. அனுப்ப இரண்டு நாள் இருந்தது. என் பொய் அவள் பெயரில் அச்சாகப் போகிறது என்பதைத் தாங்க முடியவில்லை. சோதனையின் வரைபடத்தை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன்.

வெகுநேரம் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன்.

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்."

தலையசைத்தார். பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். பிறகு தலைப்பையும் அடித்தார்.

இரண்டாம் கலத்தில் சூடு ஏறி இறங்குவதுதான் காரணம் என்று பின்னால் தெரிந்தது. இரைச்சல் பட்டியலில் ஒரு வரி கூடியது. இப்போது நான் சலிக்கிறேன். அக்கா இருந்திருந்தால் என்னை ஒரு வாரம் திட்டிவிட்டு, பட்டியலில் அந்த வரியைத் தானே எழுதியிருப்பாள்.

அவள்மேல் பொய்ச்சத்தியம் செய்த நாலாம் நாள் அவள் போனாள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். தலையாட்டுகிறேன்.