சுண்ணாம்பு அடித்த வரிகள்

எழுத்தைப் போனில் வாசித்துக் காட்டும் அந்தப் பெண்குரலுக்கு அவள் மகராசி என்று பேர் வைத்திருந்தாள். மகராசி "குழாயில் கசிவு" என்று சொல்லி நிற்பாள். ஒரு மூச்சு விட்டு "இருப்பின் நுகர்வோர்" என்பாள். மறுபடி நிற்பாள். பக்கத்துக்குப் பக்கம் "குடிநீர் அலுவலக விதிகள்" என்று தலைப்பை வேறு ஒப்பிப்பாள். பேர் வைத்தவளின் புருஷன் எரிச்சலில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டான். கல்குவாரியில் வெடி முந்திக்கொண்டு அவன் கண் இரண்டும் போய் இரண்டு வருஷம். குடிநீர் அலுவலகத்தில் புகார் போன் எடுக்கும் வேலைக்கு அவனுக்கு அஞ்சு நாளில் பரீட்சை. வயசு வரம்புப்படி இதுதான் கடைசித் தடவை. நூற்று நாற்பது பக்கத்தையும் காதால்தான் படிக்க வேண்டும்.

புத்தகத்தை ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றிக் கொடுத்தவர் ஜெராக்ஸ் கடைக்காரர். அச்சில் வரி முடிந்த இடமெல்லாம் அப்படியே முறிந்து வந்திருந்தது. மத்தியானம் கடை சாத்தும் ஒரு மணி நேரம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்துகொள் என்று அவரே சொன்னார். கட்டட வேலையில் சாந்துச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, கைகழுவி, புருஷனையும் கூட்டிக்கொண்டு ஓடினாள். பத்தாவது வரை படித்தவள், எழுத்துத் தெரியும். ஒவ்வொரு முறிவாக அழித்து ஒட்டினாள். முதல் நாள் ஒன்பது பக்கம்தான் முடிந்தது.

மறுநாள் கடைக்காரர் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். இப்படிப் போனால் பேரன் எடுத்த பிறகுதான் முடியும் என்றார். இரண்டு கட்டங்களைத் திறந்து காட்டினார். மேலே தேட வேண்டியது, கீழே அதற்குப் பதிலாக வர வேண்டியது. வரி முடிவுக்குக் கூரை மாதிரி ஒரு குறியும் பக்கத்தில் ஆங்கிலத்து பி-யும் போட வேண்டும் என்றார். தலைப்பையும் அதன் வரி முடிவையும் மேலே போட்டு, கீழ்க் கட்டத்தைக் காலியாக விட்டு, எல்லாவற்றையும் மாற்று என்று அமுக்கினாள். நூற்று நாற்பது தலைப்பும் ஒரே அடியில் காலி. இரட்டை இடைவெளிகளை ஒற்றையாக்கினாள், இனி இல்லை என்று சொல்லும் வரை அமுக்கினாள். கடைக்காரர் சாப்பிடப் போய்விட்டார்.

தைரியம் வந்துவிட்டது. வரி முடிவையெல்லாம் ஒற்றை இடைவெளியாக மாற்றினாள். இப்போது மகராசி மூச்சே விடவில்லை. ஒரு விதியின் வால் அடுத்த விதியின் தலையில் முட்டியது.

"பேய் புடிச்ச மாதிரி ஓடுறா," என்றான் அவன். "விதி எங்க முடியுதுன்னே தெரியல."

செய்ததை ரத்து செய்து பழையபடி கொண்டுவந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. அவன் காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்தபடி கேட்டான்: விதி முடியிற இடத்துல வேற ஏதாவது தெரியுதா? வரி முடிவு அங்கே மட்டும் அடுத்தடுத்து ரெண்டு இருக்கு என்றாள்.

"அப்புறம் என்ன? குவாரில சரளையைத் தள்ளுறதுக்கு முன்னாடி, வேணுங்கிற கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிச்சிருவோம். அப்புறம் தள்ளுவோம். வெள்ளையா இருக்கறதப் பொறுக்கிக்குவோம். நீ மொதல்ல சுண்ணாம்பு அடி."

அவள் நட்சத்திரக் குறியைச் சுண்ணாம்பாக எடுத்துக்கொண்டாள். மூன்று நட்சத்திரம் புத்தகத்தில் எங்காவது இருக்கிறதா என்று தேடினாள், இல்லை. இரட்டை முடிவு எல்லாவற்றையும் மூன்று நட்சத்திரமாக்கினாள். மிச்சமிருந்த ஒற்றை முடிவுகளை இடைவெளியாக்கினாள். கடைசியில் நட்சத்திரங்களைத் திரும்பவும் இரட்டை முடிவாக்கினாள்.

மகராசி வாசித்தாள். "குழாயில் கசிவு இருப்பின் நுகர்வோர் உடனே தெரிவிக்க வேண்டும்." நின்றாள். அடுத்த விதிக்குப் போனாள்.

அவன் கையை நீட்டித் துழாவி, அவளுடைய காய்த்துப்போன உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டான்.

அதற்கடுத்த நாள் கடைக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார். கண் தெரியாத பெண் ஒருத்தி இதே பரீட்சைக்கு இதே புத்தகத்தைக் கொண்டுவந்திருக்கிறாள், சுத்தம் செய்ததைக் கொடுக்கலாமா என்று. இவளுக்குச் சுருக்கென்றது. அந்த வேலைக்கு இருப்பதே மூன்று இடம். புருஷன் பக்கம் திரும்பினாள். "நீ முடிச்ச வேலை, நீயே சொல்லு," என்றான் அவன். ஸ்கேனுக்கும் இந்த மத்தியானங்களுக்கும் கடைக்காரர் காசு எதுவுமே கேட்டதில்லை என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது.

"குடுங்கண்ணே. அந்தப் புள்ள மட்டும் எதுக்கு இந்தப் பாடு படணும்?"

பரீட்சையில் அந்தப் பெண் முதலாவதாக வந்தாள். இவன் மூன்றாவது. நாலாவதாக வந்திருந்தால் உன்னை என்ன செய்திருப்பேன் தெரியுமா என்று அவன் சிரித்தான். கடைக்காரரிடம் சொல்ல அவள் சாந்துக் கையோடே ஓடினாள். வாசலில் நின்று "மூணாவது" என்றாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். இந்தக் கடையில் அவள் வேலை இல்லாமல் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.