ரூத் மிஸ் இருப்பாகளா

முழுப் பரீட்சை முடிந்த மறுநாளிலிருந்து ஷெரினும் ரூத்தாவும் பிள்ளை பிடிக்கப் போனார்கள். பள்ளியில் எல்லோரும் அதை அப்படித்தான் சொன்னார்கள். ஒவ்வொரு ஆசிரியையும் மே பத்தாம் தேதிக்குள் பதினைந்து பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும். சேர்க்காதவர்களுக்கு ஜூனில் வகுப்பு இல்லை, வேலையும் இல்லை. ஷெரின் யூ.கே.ஜி. ஆசிரியை. ரூத்தா அவளுக்குத் துணையாக வந்தவள்.

ரூத்தாவுக்கு இருபத்திரண்டு வயது. லிதுவேனியாவில், ஒரு ஏரிக்கரைச் சிற்றூர்க்காரி. பாதிரியார் ஒருவர் மூலமாக ஒரு வருடத்துக்கு என்று வந்து, ஷெரின் வீட்டு மாடியில் தங்கியிருந்தாள். பென்சில் சீவுவது, மூக்கைத் துடைப்பது, டப்பா மூடியைத் திறந்துகொடுப்பது, சிலேட்டில் பிஞ்சுக் கைகளைப் பிடித்து எழுத வைப்பது எல்லாம் அவள் வேலை. முதல் மாதம் வாளித் தண்ணீரில் குளிக்கத் தெரியாமல் பாதி உடம்பில் சோப்போடு வகுப்புக்கு வந்தாள். இரண்டாம் மாதம் ரசத்தைக் கையில் ஏந்திக் குடிக்கக் கற்றுக்கொண்டாள். பிள்ளைகள் 'அ' எழுதியபோது அவளும் தரையில் உட்கார்ந்து 'அ' எழுதினாள். அவர்கள் உயிர்மெய்க்குப் போனபோது அவளும் கூடவே போனாள். அதனால் அவள் பேசிய தமிழ் ஐந்து வயதுப் பிள்ளைகளின் தமிழாக இருந்தது. "எனக்கு மூச்சா வருது" என்று அவள் தலைமையாசிரியரிடம் சொன்ன கதையை ஊரே சொல்லிச் சிரித்தது.

எப்போது என்று தெரியாமல், அந்த ஊர் அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. தன் வகுப்பை ஒன்றாம் வகுப்புக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று ஆசைப்பட்டாள். விசா மே முப்பத்தொன்றோடு முடிகிறது. பள்ளியிலிருந்து ஒரு கடிதம் கிடைத்தால் இன்னொரு வருடத்துக்கு விண்ணப்பிக்கலாம். தாளாளர் இருதயத்திடம் அவளாகக் கேட்கக் கூச்சப்பட்டதால் ஜனவரியில் ஷெரின் போய்க் கேட்டாள்.

"திங்கட்கிழமை கையெழுத்துப் போடுவார்" என்றாள் ஷெரின். இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வார்கள்.

பல திங்கட்கிழமைகள் போயின. பிப்ரவரியில் அல்லிநகரத்துப் பள்ளி ஒன்று, நாங்கள் கடிதம் தருகிறோம், வருகிறாயா என்று ரூத்தாவைக் கேட்டது. ரூத்தா ஷெரினிடம் யோசனை கேட்டாள். "அங்கே போனால் என் வீட்டு மாடியில் யார் இருப்பார்கள்? நம் கடிதம் வந்துவிடும்" என்றாள் ஷெரின். ரூத்தா அல்லிநகரத்துக்கு முடியாது என்று எழுதினாள். எழுதும்போது மகிழ்ச்சியாகவே இருந்தது.

இப்போது அவள் முகம் சின்னமனூர் பேருந்து நிலையத்தில் ஃப்ளெக்ஸில் இருந்தது. 'லண்டன் ஆசிரியையின் நேரடிப் பயிற்சி' என்று கீழே எழுதியிருந்தார்கள். "நான் லண்டனைப் பார்த்ததுகூட இல்லையே" என்றாள் ரூத்தா. "தாளாளரும் பார்த்ததில்லை" என்றாள் ஷெரின். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு இருவரும் சிரித்தார்கள்.

வாசல்களில் நாற்காலி வந்தது, மோர் வந்தது. குச்சனூரில் நல்லகண்ணு என்ற திராட்சைத் தோட்டக்காரர் பேரனை மடியில் வைத்துக்கொண்டு ரூத்தாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"போன வருசம் நீச்சல் குளம் வருதுன்டீக. குளத்தக் காணோம். இந்த வருசம் வெள்ளக்காரியக் கொண்டாந்துட்டீக."

"குளம் அடுத்த வருசம் தாத்தா."

"அப்ப இந்தப் பிள்ள எங்கன நீந்தும்?" அவரே சிரித்துக்கொண்டார். "கருவாட்டுக் கொழம்பு திங்குமா?"

"நல்லாத் தின்பேன்" என்றாள் ரூத்தா. அவர் தொடையைத் தட்டிக்கொண்டு உள்ளே திரும்பி, "ஏத்தா, தமிழு பேசுது!" என்று கத்தினார். பேரனின் படிவத்தில் அப்போதே கையெழுத்து விழுந்தது.

அங்கேதான் அவள் அதை முதலில் கேட்டாள். நல்லகண்ணுவின் மருமகள் தயங்கித் தயங்கி, "இவுக எத்தன நாளைக்கி?" என்று கேட்க, ஷெரின் சொன்னாள்: "பள்ளிக்கூடம் தொறந்ததும் இவுகதான் சொல்லிக்குடுப்பாக. எங்கிட்டும் போக மாட்டாக."

ரூத்தா ஒவ்வொரு சொல்லையும் மெதுவாகச் சேர்த்துப் பார்த்தாள். பள்ளிக்கூடம். திறந்ததும். இவர்கள்தான். போக மாட்டார்கள். கடிதம் வந்துவிட்டது! தன்னிடம் கடைசியில் சொல்லி ஆச்சரியப்படுத்த ஷெரின் ஒளித்து வைத்திருக்கிறாள். மாணவிபோல வாயை இறுக்கி மூடிக்கொண்டு, எதுவும் புரியாதவள்போல மோரைக் குடித்தாள்.

அதன்பிறகு எல்லா வாசலிலும் அந்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தாள். வீட்டுக்கு வீடு அது கொஞ்சம் நீண்டது. "மூணு வருசத்துக்கு இவுகதான்." "நம்ம ஊருலயே இருந்துருவாக." அம்மாவுக்குப் போனில், "நான் இருக்கப்போகிறேன், இன்னும் சொல்லவில்லை, ஆனால் தெரியும்" என்றாள். ஷெரினின் கணக்கில் பதினான்கு பிள்ளைகள் சேர்ந்திருந்தார்கள்.

மே ஒன்பதாம் தேதி காலை, ஷெரினின் அம்மா லூர்து மேரி அடுப்படி வாசலில் உட்கார்ந்து ஊறுகாய்க்கு மாங்காய் வெட்டிக்கொண்டிருந்தார். ரூத்தா பக்கத்தில் உட்கார்ந்து துண்டுகளுக்கு உப்புத் தடவினாள்.

"ஒனக்குத்தான் போடுறேன். பாட்டில நல்லா இறுக்கிக் கட்டித் தாரேன். பிளைட்டுல விடுவானா?"

"நான் போகல. இங்கனதான் இருப்பேன். கடுதாசி வருது."

லூர்து மேரியின் கை அரிவாள்மணையில் நின்றது. "எந்தக் கடுதாசி? அதான் இருதயம் சார் தை மாசமே முடியாதுன்டாகளே. வெளிநாட்டுப் பிள்ளைய ஒரு வருசத்துக்கு மேல வச்சா போலீசு, ஆபீசுன்னு அலையணும்னாக. ஷெரினு வந்து அப்பிடி அழுதுச்சு. ஒன்ட்டச் சொல்லலையா?"

ரூத்தா கையிலிருந்த துண்டை உப்போடு அப்படியே கீழே வைத்தாள். லூர்து மேரி அவள் முகத்தைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஆத்தே. நா என்னத்தச் சொல்லித் தொலைச்சேன்."

தை என்றால் ஜனவரி. வகுப்புச் சுவரில் மாதங்களின் பெயரை எழுதி ஒட்டியவளே அவள்தான். அல்லிநகரம் கேட்டது அதற்கு அடுத்த மாதம்.

ஷெரின் கிளம்பியதும் ரூத்தா எதுவும் கேட்காமல் ஸ்கூட்டரில் பின்னால் ஏறினாள். பொட்டிப்புரத்தில் ஒரு வீடு மிச்சமிருந்தது. வழியெல்லாம் ஷெரின் வாசல்களில் சொன்ன வாக்கியம் தலைக்குள் ஓடியது. ஷெரினின் தமிழில் எப்போதும் பாதிக்குப் பாதி ஆங்கிலம் இருக்கும். 'கிளாஸ் முடிஞ்சா வேன்ல ஏத்திரு', 'ஜூன்ல நோட்டு குடுப்பாங்க' என்பாள். வாசல்களில் ரூத்தாவைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் ஜூன் என்றோ டீச்சர் என்றோ ஒரு சொல்கூட வந்ததில்லை. ஒவ்வொரு வாசலிலும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த தனக்கு எட்டாது என்று நம்பிய சொற்களாகப் பொறுக்கிப் பொறுக்கிப் பேசியிருக்கிறாள். அந்தக் கவனத்தைத்தான் ரூத்தாவால் தாங்க முடியவில்லை. பொய்யைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம்போல இருந்தது.

நாகஜோதி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு ஈரக்கையோடு வந்தாள். மகள் ஓவியா தூணுக்குப் பின்னால் நின்று ரூத்தாவின் முடியைப் பார்த்தாள். படிவத்தில் பெயரும் பிறந்த தேதியும் ஏற்கெனவே நிரப்பியிருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி.

"ஒண்ணு கேக்கணும் மிஸ்" என்றாள் நாகஜோதி. "எங்க அண்ணன் மகளுக்கும் இப்பிடித்தான் ஒரு மிஸ்ஸக் காட்டிச் சேத்தாக. தீவாளிக்கு முன்னாடியே அவுகளக் காணோம். பிள்ள ஒரு வாரம் சோறு திங்கல. இது அத விடக் கோட்டி, ஒட்டுனா விடாது. ரூத் மிஸ் இருப்பாகளா?"

"இருப்பாகக்கா. எங்கிட்டும் போக மாட்டாக."

"அவுகளச் சொல்லச் சொல்லுங்க."

ஷெரின் சிரித்தாள். "அவுகளுக்கு ரெண்டு வார்த்ததான் தெரியும்."

நாகஜோதி ரூத்தாவின் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஓவியாவும் தூணைவிட்டு ஒரு அடி வெளியே வந்தாள். ரூத்தா ஷெரினைப் பார்த்தாள். ஷெரின் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேனாவை மூடாமல் பிடித்திருந்தாள். இப்போதுகூட அவள் நிமிர்ந்து பார்த்து ஒரு சைகை செய்திருந்தால் போதும், ரூத்தா எதைக் கேட்டாலும் தலையாட்டியிருப்பாள்.

"நான் இருக்க மாட்டேன்" என்றாள் ரூத்தா. "இந்த மாசம் ஊருக்குப் போறேன். விசா இல்ல. கடுதாசி இல்ல."

நாகஜோதி கோபப்படவில்லை. படிவத்தை வாங்கி நான்காக மடித்து ஷெரினின் பைக்குள் தானே வைத்தாள். "அங்கன்வாடிக்கே போகட்டும் மிஸ். அங்க ஆயாவாச்சும் அப்பிடியே இருக்காக." மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தெருமுனை வேம்படியில் ஷெரின் ஸ்கூட்டரை நிறுத்தினாள். முதல்முறையாக ரூத்தாவிடம் முழுக்கத் தமிழில் பேசினாள்.

"பதினஞ்சாவது பிள்ள. நாளைக்கிக் கடைசி நாளு. தெரியும்ல ஒனக்கு?"

"தெரியும்."

"ஒனக்கு ஏறிப்போக பிளைட் இருக்கு. எனக்கு என்ன இருக்கு? எங்க வீட்டுல வச்சு, எங்கம்மா கையால சோறு போட்டு..." அவள் குரல் உடைந்தது. "என்னயக் காட்டிக் குடுத்துட்டியே, ரூத்து."

அதை அவள் மனமாரச் சொன்னாள். கண்ணில் தண்ணீர் நின்றது. ரூத்தாவுக்கு அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது. பிள்ளைகளிடம் கற்ற தமிழ் இதற்குப் போதவில்லை. ஆங்கிலத்தில் கேட்டாள்:

"ஜனவரியிலேயே ஏன் சொல்லவில்லை?"

"சொல்லியிருந்தால் நீ அல்லிநகரம் போயிருப்பாய். என்னோடு இப்படி வீடு வீடாக வந்திருப்பாயா?"

"அல்லிநகரம் போயிருப்பேன். அங்கிருந்து பஸ்ஸில் வந்திருப்பேன். எல்லா வீட்டுக்கும் வந்திருப்பேன்."

"இப்போது அப்படித்தான் சொல்வாய்" என்றாள் ஷெரின். ஒரு வருடமாகப் பக்கத்தில் இருந்தவளை அவள் அவ்வளவுதான் அறிந்து வைத்திருந்தாள்.

ஷெரின் முகத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். திரும்பிப் பார்க்காமல், இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தாள். அந்த ஊருக்கு நான்கு மணிவரை பஸ் கிடையாது. ரூத்தா பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.