இடைவேளைக்குப் பிறகு இடிமாறன்

பாளையம்பட்டி சந்தனத்தின் மகனுக்கு மூன்று வயது முடியப்போகிறது, இன்னும் பேர் முடிவாகவில்லை. பேர் இல்லாமல் இல்லை, இரண்டு இருந்தன. அப்பன் ‘இடிமாறன்’ என்று கூப்பிட்டான். அம்மா ரேணுகாதேவியும் அவள் பிறந்த வீட்டாரும் ‘சோணைமுத்து’ என்று கூப்பிட்டார்கள். பையன் இரண்டுக்கும் திரும்பமாட்டான். பிஸ்கட்டு என்றால் திரும்புவான்.

சோணைமுத்து என்பது சந்தனத்தின் குலசாமியான சோணைசாமியை ஒட்டிய பேர். தலைப்பிள்ளைக்கு அதைத்தான் வைக்கவேண்டும் என்பது வழக்கம். இடிமாறன் என்பது ஒரு சினிமாவின் பேர். ஆடு மேய்க்கிற மாறன் என்பவன் மழைக்குப் பனைமரத்தடியில் ஒதுங்க, இடி விழுந்து மரம் கருகிப்போகிறது, மாறன் பிழைத்துக்கொள்கிறான். அதிலிருந்து அவன் கையைத் தூக்கினால் மின்னல் இறங்கும். “இத்தனை பேர் இருக்க இந்தச் சக்தி உனக்கு எப்படிடா வந்தது?” என்று வில்லன் கேட்பான். “இடி ஆள் பார்த்து விழாது” என்பான் மாறன்.

அந்த வசனத்துக்குத் தியேட்டரே விசிலடித்தது. சந்தனம் அடிக்கவில்லை. வாயில் விரலை வைத்தவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். அவன் அப்பா கடைசிவரை அடுத்தவர் காட்டில் பருத்திக்குக் களை வெட்டியவர். அவன் இன்று சொந்தமாக லோடு வேன் ஓட்டுகிறான். அது எப்படி நடந்தது என்று அவனுக்கே விளங்காமல் இருந்தது, அன்றைக்கு விளங்கிவிட்டது. மறுவாரமே வேனின் பின்கதவில் அந்த வசனத்தை எழுதினான். பிறகு ‘இடிமாறன் பேரவை’ தொடங்கித் தலைவரானான். பேரவையில் எல்லாருக்கும் பதவி உண்டு, உறுப்பினர்தான் யாரும் இல்லை.

அருப்புக்கோட்டையில் படம் வெளியான அன்று சாயங்காலம், ஊரே மழையை மறந்துபோயிருந்த நேரத்தில், நிஜமாகவே ஒரு மழை கொட்டியது. தியேட்டருக்குள்ளும் கொட்டியது. அது படத்தின் சக்தி என்று சந்தனம் இன்றும் நம்புகிறான். கூரையின் சக்தி என்பார் ஆப்பரேட்டர் பால்ச்சாமி.

இப்போது பையனுக்குக் காதுகுத்து வந்துவிட்டது. திருச்சுழிப் பக்கம் இருக்கிற சோணைசாமி கோயிலில் மொட்டையடித்து, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தவேண்டும். தாய்மாமன் சோலைச்சாமிக்கு மல்லாங்கிணற்றில் உரக்கடை. கடைக்குள் அவர் உரக்கடைக்காரர், ஃப்ளெக்ஸில் தொழிலதிபர். மடி அவருடையது என்பதால் காதிலும் பேரிலும் அவருக்குப் பங்கு இருந்தது.

“மாப்ள, ஒரு ஆட்டுக்காரன் பேரப் போயி எம் மருமகனுக்கு வைப்பீகளா?”

“அவன் வெறும் ஆட்டுக்காரன் இல்ல மச்சான்.”

“பெறகு?”

“ஆட்டுக்காரனா இருந்து வந்தவன்.”

“அதத்தான நானும் சொல்றேன்.”

ரேணுகாதேவி இதை நெடுநாளாகக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிருந்தாள். “ரெண்டாம் பாகம் இந்த வெள்ளிக்கிழம வருதுல்ல? ரெண்டு பேரும் சேந்து போயிப் பாத்துட்டு வாங்க. எங்கண்ணனுக்கு அந்த ஆளப் பிடிச்சுப்போச்சுன்னா உங்க பேரு. பிடிக்கலன்னா சாமி பேரு. திங்கக்கிழம பத்திரிக அடிக்கக் குடுக்கணும். அதுக்கு மேல இந்த வீட்டுல யாரும் பேரப் பத்திப் பேசப்படாது.”

இரண்டாம் பாகத்துக்கு ‘வான வம்சம்’ என்று தலைப்பு. சந்தனம் அப்போதே சந்தேகப்பட்டிருக்கலாம். படவில்லை.

வெள்ளிக்கிழமை காலைக் காட்சி. பேரவைப் பொறுப்பாளர்கள் ஆள் உயரப் படத்துக்குப் பால் ஊற்றி முடித்து, ஈரச் சட்டையோடு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். சோலைச்சாமி கைக்குட்டையால் நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

படம் எடுத்த எடுப்பில் ஒரு அரண்மனையில் தொடங்கியது. மேகத்துக்கு மேலே தங்கத்தில் தூண்கள். தலையில் கிரீடம், தோளில் சால்வையோடு இடிமாறன் படியிறங்கி வந்தான். யாரோ ஒரு கிழவன் அவனிடம், “நான் அன்றே சொன்னது நினைவிருக்கிறதா?” என்றான். “மறப்பேனா?” என்றான் இடிமாறன். தியேட்டரில் யாருக்கும் நினைவில்லை.

“எப்பச் சொன்னான்?” என்றார் சோலைச்சாமி.

“சொல்லுவான் மச்சான். பொறுங்க.”

சொல்லவில்லை. யாரோ யாரையோ பழிவாங்கினார்கள். முன்பின் தெரியாத ஒரு பெண் செத்துப்போக, இடிமாறன் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதான். பேரவைச் செயலாளர் மரியாதைக்குக் கூடச் சேர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் பெரிய சண்டை, பட்டாபிஷேகம், எல்லாரும் பூத் தூவினார்கள். திரையில் கீழேயிருந்து மேலே பேர்கள் ஓடத் தொடங்கின. விளக்கு எரிந்தது.

சோலைச்சாமி எழுந்துவிட்டார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. “படம் சின்னப் படமா இருந்தாலும் நல்ல படம் மாப்ள. நான் ஆட்டுக்காரன்னுல்ல நெனச்சேன். அரண்மனைப் பிள்ளையா இருக்கான். நம்ம வீட்டுக்கு ஏத்த பேருதான், வச்சுருவோம். கடையில லோடு எறங்குது, நான் வாரேன்.”

வேண்டிய பேர் கிடைத்துவிட்டது. சந்தனத்துக்குச் சந்தோஷம் வரவேண்டிய நேரம். அது வருகிற வழியாகக் காணோம். வாசல்வரை போய் மச்சானை வண்டியேற்றிவிட்டுத் திரும்பினால், உள்ளே மறுபடி படம் ஓடிக்கொண்டிருந்தது. இப்போதுதான் தணிக்கைச் சான்றிதழ் வந்தது. அதன்பின் தலைப்பு வந்தது. இடிமாறன் கரிசல் காட்டில் துண்டைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். ஆடு ஒன்று வந்து முகத்தை நக்க, திடுக்கிட்டு எழுந்தான்.

சந்தனத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த அரண்மனை, கிரீடம், அந்தப் பெண், எல்லாம் ஆட்டுக்காரன் கண்ட கனவு. எவ்வளவு பெரிய மூளை இருந்தால் பாதிப்படத்தைக் கனவாக எடுப்பான் ஒரு டைரக்டர். மாறன் ஆட்டுக்குத் தண்ணி காட்டினான், வேப்பங்குழை ஒடித்துப் போட்டான், ஊருக்கு ஒரு ஆபத்து வந்தபோது கையைத் தூக்கினான். சந்தனம் மெல்ல மெல்ல நாற்காலியில் சாய்ந்தான். கடைசியில் மட்டும் அதே கிழவன் வந்து, “நீ ஆட்டிடையன் அல்ல. வான அரசனின் மகன். அந்த இடி உன்னைத் தேடித்தான் வந்தது” என்றான். பொய் சொல்கிறான் களவாணிப் பயல் என்று சந்தனம் நினைத்து முடிப்பதற்குள் திரையில் ‘இடைவேளை’ என்று எழுத்து வந்து நின்றது. விளக்கு எரிந்தது. இந்தத் தடவை யாரும் எழுந்திருக்கவில்லை.

“இன்னும் படம் இருக்காடா?” என்றது ஒரு குரல்.

“இருந்தா கேட்டுக்காரன் ஏன் வாசக் கதவத் தெறக்கான்?”

“படம் முடியிற எடத்துல எடைவேளைன்னு போட்டா என்ன அர்த்தம்? மூணாம் பாகம் வருதுன்னு அர்த்தம்” என்றார் பேரவைப் பொருளாளர். அதற்கும் ஒரு கைதட்டு விழுந்தது.

வாசலில் யூடியூப்காரர்கள் மைக்கை நீட்டிக்கொண்டு நின்றார்கள். தலைவர் என்று சொல்லிச் சந்தனத்தை முன்னால் தள்ளினார்கள்.

“படம் எப்படிண்ணே?”

நன்றாக இருந்தது என்று சொல்லத் தோன்றியது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. புரியவில்லை என்று சொன்னால் பேரவை என்னாவது? சந்தனம் தொண்டையைச் சரிசெய்துகொண்டான். “டைரக்டர் காலத்த மடிச்சு வச்சுருக்காரு. அவசரப்பட்டுப் பாக்குறவுகளுக்குப் பிடிபடாது. உலகத்தரம்” என்றான். பின்னால் நின்றவர்கள் எல்லாரும் உலகத்தரம் என்று தலையாட்டினார்கள். மடித்து வைத்ததை யாரும் விரித்துக் கேட்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு டீக்கடையில் பால்ச்சாமி வந்து பக்கத்தில் நின்றார். முகம் பேயறைந்ததுபோல் இருந்தது.

“தம்பி, வெளிய யாரும் திட்டுறாங்களா?”

“எதுக்குண்ணே?”

“இப்பல்லாம் படம் ரெண்டு ஃபைலா வருது. முன்பாதி ஒன்னு, பின்பாதி ஒன்னு. ரெண்டுக்கும் இங்கிலீசுல நீளமா ஒரே மாதிரி பேரு. நான் பின்பாதியத் தூக்கி முன்னாடி விட்டுட்டேன். பாதியில நிறுத்துனா சீட்டக் கிழிச்சுப்புடுவாங்கன்னு அப்படியே ஓட்டிட்டேன்.”

சந்தனம் டீ கிளாசைக் கீழே வைத்தான்.

“யாரும் ஒன்னும் சொல்லலியா?” என்றார் பால்ச்சாமி மறுபடி.

“உலகத்தரம்னு சொன்னோம்ணே.”

“யாரு சொன்னது?”

“நான்தான்.”

மதியக் காட்சிக்குச் சந்தனம் தனியாகப் போனான். இந்தத் தடவை எல்லாம் சரியான வரிசையில் வந்தது, எல்லாம் புரிந்தது. வினையே அதுதான். ஆட்டுக்காரன் முதலில் வந்தான். கிழவன் வந்து, நீ அரசன் மகன் என்றான். கிழவன் பொய் சொல்லவில்லை. இடைவேளைக்குப் பிறகு இடிமாறன் மேகத்துக்கு மேலே போய்க் கிரீடம் வைத்துக்கொண்டான், ஆடுகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பட்டாபிஷேகத்தில் கிழவன் அறிவித்தான்: “இடி ஆள் பார்த்துத்தான் விழுந்தது.” காலையிலும் இதைச் சொல்லியிருக்கிறான். கனவில் யாரோ உளறுகிறான் என்று விட்டிருந்தான் சந்தனம்.

வெளியே வந்து வேனை எடுக்கப் போனவன் பின்கதவுக்கு முன்னால் நின்றுவிட்டான். ‘இடி ஆள் பார்த்து விழாது’, அவன் கையால் எழுதியது. கோணல்மாணலான எழுத்து, அர்த்தம் மட்டும் நேராக இருந்தது. காலையில் பார்த்த படம் தப்பு, மனசுக்கு நிறைவாக இருந்தது. மதியம் பார்த்தது சரி, மனசுக்கு ஒட்டவில்லை. தன்னை ஏமாற்றியது டைரக்டரா, பால்ச்சாமியா, இல்லை பால்ச்சாமி சரியாக ஓட்டியதா என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

வீட்டில் ரேணுகாதேவி சிரித்தமுகமாக இருந்தாள். “அண்ணன் போன் பண்ணுனாக. இடிமாறன்தான் பேராம். ‘வான வம்சத்து இளவரசன்’னு மேல ஒரு வரி போடணுமாம். ஃப்ளெக்ஸுல பிள்ள தலையில கிரீடமும் வேணுமாம்.”

“சோணைமுத்துன்னே வச்சுருவோமா?”

அவள் அரிவாள்மனையிலிருந்து நிமிர்ந்தாள். “மூணு வருசமா என் உயிர வாங்கி, இப்பக் குடுத்தா வேணாங்குறீக. உங்களுக்கு என்னதான் வேணும்?”

“அவன் அரசன் மகனாம் ரேணுகா.”

“இருந்துட்டுப் போறான். அதுல உங்களுக்கு என்ன வந்துச்சு?”

“அரசன் மகனா இருந்தா அந்தப் பேரு எதுக்கு நமக்கு? நம்ம என்ன அரசனா? எங்கப்பா கள வெட்டுனவரு. இடி ஆளு பாத்துதான் விழுகும்னா, எம் மகன் தலையில என்னைக்கு விழுகும்?”

“விழுக வேணாம்னு சாமியக் கும்பிடுங்க மொதல்ல.” பால்ச்சாமி தப்பாக மாற்றிப் போட்டதையும், மதியம் மறுபடி போய்ப் பார்த்ததையும் சந்தனம் சொன்னான். கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டுவிட்டு அவள் கேட்டாள்: “காலையில பாத்தப்ப எப்படி இருந்தான்?”

“காலையில ஆட்டுக்காரன்தான். அந்த அரமனையெல்லாம் கனவு.”

“அது தப்பாப் போட்டதுன்னீக.”

“ஆமா. ஆனா அதுதான் சரியா இருந்துச்சு.”

அவள் புருஷனைப் பார்த்தாள். காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டும் பார்த்தாள். “சரி, அந்தக் காலைக்காச்சி ஆளு பேரையே வைங்க. மத்தியானம் வந்தவன் வேற எவனோ. ஆனா எங்கண்ணன் கேட்ட கிரீடத்துக்கு நீங்களே பதில் சொல்லிக்கங்க.”

திங்கட்கிழமை ஃப்ளெக்ஸ் கடையில் பிரவீணா கம்ப்யூட்டரில் எல்லாம் தயாராக வைத்திருந்தாள். சோலைச்சாமி போனிலேயே சொல்லியிருந்தார். மேலே ‘வான வம்சத்து இளவரசன்’ என்ற வரி, நடுவில் பையன், தலையில் கிரீடம், பின்னால் இரண்டு சிங்கம், கீழே வரிசையாக உறவினர் தலைகள். தொழிலதிபர் தலை கொஞ்சம் பெரிது.

“இளவரசனை எடுத்துரும்மா. அந்த எடத்துல ‘இடி ஆள் பார்த்து விழாது’ன்னு போடு. சிங்கத்தையும் எடுத்துரு, ஆடு இருந்தா போடு. கிரீடத்தையும் எடு.”

“ஆடெல்லாம் கெடா வெட்டுக்குத்தாண்ணே வச்சுருக்கோம். மாலையோட இருக்கும், பரவால்லையா?”

“பரவால்ல.”

பிரவீணா கிரீடத்தைத் தட்டினாள், இழுத்தாள், உதட்டைப் பிதுக்கினாள். “நேத்தே தலையோட ஒட்டிட்டேண்ணே. இப்ப எடுத்தா தலைமுடியும் சேந்து போகும். வேற போட்டோ இருந்தா அனுப்புங்க.”

சந்தனம் போனில் தேடினான். மற்றப் படங்களில் எல்லாம் பையன் அழுதுகொண்டோ பிஸ்கட்டைத் தின்றுகொண்டோ இருந்தான். “போனாப் போகட்டும்மா. எப்படியும் மொட்டதான போடப்போறோம்.”

“அப்பச் சரி. எடுத்த கிரீடத்த எங்கண்ணே வைக்க?”

சந்தனம் திரையைப் பார்த்தான். கீழ்வரிசையையும் பார்த்தான்.

காதுகுத்தன்று கோயில் வாசலில் ஃப்ளெக்ஸ் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. உறவுமுறைகளோடு வேனில் வந்து இறங்கிய சோலைச்சாமி அதை அண்ணாந்து பார்த்தார். மருமகன் மொட்டைத்தலையோடு சிரித்தான். பக்கத்தில் மாலை போட்ட ஆடு.

“கிரீடம் எங்க மாப்ள?” என்று சத்தமாகத் தொடங்கியவர், கண்ணைக் கீழே இறக்கித் தன் படத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டார். அது அவர் தலையில் இருந்தது. அளவெடுத்ததுபோல் உட்கார்ந்திருந்தது. போனை எடுத்து ஒரு படம் பிடித்துக்கொண்டார். அதன்பிறகு அதைப் பற்றி யாரிடமும் பேச்சு மூச்சு இல்லை. மடியைத் தட்டிச் சரிசெய்துகொண்டு போய் உட்கார்ந்துவிட்டார்.

அழைப்பின் பேரில் பால்ச்சாமியும் வந்திருந்தார். சந்தனம் அவருக்குத் துண்டு போர்த்தினான். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. நிழலில் நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். பையன், தலை நிறைய முடியோடு, பிஸ்கட்டுக்காக ஓடிக்கொண்டிருந்தான்.

பால்ச்சாமி பையனைப் பார்த்தார், பிறகு ஃப்ளெக்ஸைப் பார்த்தார், மறுபடி பையனைப் பார்த்தார்.

“தம்பி, இனிமேத்தான மொட்ட?”

“ஆமாண்ணே.”

“அப்ப இதுவும் பின்பாதிதான் முன்னாடி ஓடுதா?”

சந்தனம் யோசித்துப் பார்த்தான். “ஆமாண்ணே. நிறுத்திறாதீக, ஓடட்டும்” என்றான்.