இரண்டு தெரு நீளக் கை

அணிவகுப்பு நாளன்று ஊசி அக்காவின் இடது கை இரண்டு தெரு நீளத்துக்கு நீண்டது. வலிக்கவில்லை. ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் பகலெல்லாம் அடுத்தவர் கையில் நரம்பு தேடிக் குத்துகிறவள் அவள். வலியைப் பற்றி அவள் சொன்னால் நம்பலாம்.

காலையிலிருந்தே வீடு இரண்டுபட்டது. நாத்தனார் தண்ணீர் பாட்டில்களை நிரப்பினாள். கணவன், தொலைபேசி எண் எழுதிய துணியை மகனின் சட்டைக்குள் வைத்துத் தைத்தே விட்டான். ஐந்து வயது மகனுக்கு வீட்டில் வாலு என்று பெயர். ஊசி அக்கா அவன் முன் மண்டியிட்டு, "என்ன ஆனாலும் அம்மா கைய விடக்கூடாது, சரியா?" என்றாள். "விட மாட்டேன்" என்றான். சொன்ன சொல் காப்பாற்றுகிற பிள்ளை. ஆனால் நின்ற இடத்தை விட்டு நகரக்கூடாது என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை.

பேண்டு வாத்தியம் முனை திரும்பியதும் கூட்டம் ஒரே மூச்சாக முன்னால் சாய்ந்தது. வாலு ஓடினான், கையை விடாமல். கை அவனோடு போனது: பெரியவர்களின் கால்களுக்கு இடையே, பஞ்சுமிட்டாய் வண்டிக்கு அடியே, சாலையைக் கடந்து, மருந்துக்கடையைச் சுற்றி அடுத்த தெருவுக்குள். விரல் நுனியில் நடப்பது அவளுக்கு வந்து சேர இப்போது சற்று நேரம் பிடித்தது. மகன் துள்ளி முடித்த பிறகுதான் அவள் உள்ளங்கை துள்ளியது. "இவன நம்பிக் கையக் குடுத்தீங்க அண்ணி, இப்பக் கையே போச்சு" என்று நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். "யாருங்க கை இது?" என்று கேட்ட போக்குவரத்துக் காவலர், ஊசி அக்காவுடையது என்று தெரிந்ததும், "கொஞ்சம் ஓரமா வெச்சுக்கச் சொல்லுங்க" என்று விசில் ஊதப் போய்விட்டார். பெற்றோரைத் தவறவிட்டு அழுத குழந்தைகள் பேருந்துக் கம்பியைப் பிடிப்பது போல அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் வரிசையாக நின்றார்கள். பெற்றோர்கள் அந்தக் கையை ஒட்டியே நடந்து வந்து, தங்கள் பிள்ளையைக் கண்டதும் ஒரு அடி போட்டு, இரண்டு முத்தம் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அப்போதுதான் திமிங்கல வடிவ அலங்கார ஊர்தி வந்தது. இரண்டு மாடி உயரம், காகிதத் தோல், சரிவில் இறங்கும் வேகம். கை சாலையின் குறுக்கே கிடந்தது. "கைய எடும்மா!" என்று ஓட்டுநர் கத்தினார். "எடுத்தா புள்ளய விட்டுடுவேன்!" என்று அவளும் கத்தினாள். ஊர்திக்கு முன்னால் மின்கம்பிகளைத் தூக்கிவிட, நுனி கவட்டையாகப் பிரிந்த நீளக் கழிகளோடு ஆட்கள் வருவது வழக்கம். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கம்பியைத் தூக்குவது போலவே கையையும் தூக்கினார்கள். திமிங்கலம் அடியில் நழுவிப் போக, சனம் ஆர்ப்பரித்தது. தூக்கிய வேகத்தில் கை விசுக்கென்று இழுபட்டது. அதற்குச் சற்றுப் பின்னால், அவள் உள்ளங்கை காலியானது.

"இழுங்க அண்ணி, இழுங்க!" நாத்தனார் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். கணவன் மருந்துக்கடைப் பக்கம் பாய்ந்தான். கூட்டம் அவனைத் திருப்பி அனுப்பியது. ஊசி அக்கா இழுக்கவில்லை. விட்ட இடத்தில் கை இல்லையென்றால் பிள்ளை எங்கே தேடுவான்? கழிக்காரர்கள் கையை மெல்ல இறக்கினார்கள். விரல்களை விரித்து, கண்ணை இறுக மூடி, அசையாமல் நின்றாள். யாரோ முட்டினார்கள். யாரோ செருப்புக் காலால் மிதித்தார்கள். மேளம் நெஞ்சுக்குள் அடித்தது. அப்புறம், அங்கே எப்போதோ நடந்து முடிந்த ஒன்றாக, பஞ்சுமிட்டாய்ப் பிசுக்கோடு ஐந்து சின்ன விரல்கள் வந்து அவள் உள்ளங்கைக்குள் புகுந்தன.

அவள் கையைச் சுருட்டச் சுருட்ட வாலு வந்து சேர்ந்தான். மூக்கெல்லாம் சிவப்பு. அவள் வாயைத் திறப்பதற்குள் அவனே சண்டைக்கு வந்தான்: "நான் விடல. நீதான் தூக்குன!"

கை ஏறக்குறைய பழையபடி ஆனது. நான்கு விரற்கடை மட்டும் மிச்சம் நின்றது. அந்த வாரக் கடைசியில் ஆய்வகக் கோட்டின் இடது கையை நீட்டித் தரச் சொல்லித் தையற்காரரிடம் போனாள். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தாள். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"பரேடுக்குப் புள்ளயக் கூட்டிட்டுப் போனீங்களா?"

"ஆமா."

"இந்த வாரத்துல நீங்க நாலாவது ஆளு. துணியும் வாங்கிட்டு வந்திருக்கலாம்ல" என்றபடி அளவு நாடாவை எடுத்தார்.