தனித்தனியாகவே போதும்

சின்னவருக்கு அறிவு வளர வேண்டும் என்று அந்த மெத்தைக் கடையில் எல்லோருமே வேண்டிக்கொண்டார்கள். பாசத்தால் அல்ல. வளர்ந்தால் ஆள் இரண்டு வருஷத்துக்குக் கண்ணில் படமாட்டார்.

சின்னவர் முதலாளியின் ஒரே மகன். கடையின் பின்பக்கம் இருந்த கண்ணாடி அறையில், மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்து, மேலாளர் செய்ய வேண்டிய எதையும் செய்யாமல் இருந்தார். கடல் தாண்டி ஒரு பெரிய நிர்வாகக் கல்லூரியில் சேர்ந்து படிக்க வேண்டும் என்பது அவருடைய கனவு. அதற்கு ஒரு நுழைவுத் தேர்வு இருந்தது. தேர்வுக்கும் சின்னவருக்கும்தான் ஏழாம் பொருத்தம்.

இந்தக் கனவில் மற்றவர்களைவிட அதிக நாட்டம் கம்ப்ளைண்ட் அக்காவுக்கு. வாடிக்கையாளர்களின் புகாரைக் கேட்பது அவள் வேலை என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மெத்தை நடுவில் குழி விழுந்துவிட்டது, ஸ்பிரிங் விலாவில் குத்துகிறது, சொன்ன நிறம் வேறு வந்த நிறம் வேறு என்று ஊரார் தூக்கம் கெடும்போதெல்லாம் அவள் காதும் கெடும். ஒருநாள் முதலாளி புதிதாக வந்த தலையணை ஒன்றை அமுக்கிப் பார்த்தபடியே, "அவன் படிக்கப் போயிட்டான்னா அந்த நாற்காலில நீதாம்மா. வேற யாரு இருக்கா?" என்று சொல்லிவிட்டுப் போனார். தலையணை மேலே எழும்பி வருவதற்குள் அவள் மனசு எழும்பிவிட்டது. சின்னவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தும் பார்த்தாள். கால் தரையில் எட்டியது. தனக்காகவே செய்தது என்று முடிவு செய்துகொண்டாள்.

பள்ளியில் அவள் கணக்கில் முதலாவதாக வந்தவள் என்பது கடையில் எல்லோருக்கும் தெரியும். அவளே சொல்லியிருந்தாள். அதனால் மத்தியானங்களில் சின்னவரோடு உட்கார்ந்து பயிற்சிக் கேள்விகள் போட வைக்கும் பொறுப்பும் அவளிடமே வந்தது.

வீட்டில் கணவன் சிரித்தான். "ஊர்ப் பிள்ளைய ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளரும்பாங்க. முதலாளி பிள்ளைய ஊட்டி வளர்த்தா நாற்காலி வளருமா?"

"வளரும், பாருங்க."

ஊட்டுவது சுலபமாக இல்லை. எட்டுப் பேர் ஒரு வேலையைப் பத்து நாளில் முடித்தால் நாலு பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள் என்று ஒரு கேள்வி.

"பத்து நாள்," என்றார் சின்னவர், யோசிக்காமலே.

"எப்படித் தம்பி? ஆள் பாதியாயிட்டாங்களே?"

"நீங்க நம்ம கோடவுனைப் பார்த்ததில்லையாக்கா? எட்டுப் பேர்ல நாலு பேர் எப்பவும் சும்மாதான் நிப்பாங்க."

மெத்தை தூக்கும் ஆள் அப்போது கையெழுத்து வாங்க வந்து வாசலில் நின்றிருந்தான். இருவர் படுக்கும் மெத்தைக்கு இணையாக அகன்றவன் என்பதால் கடையில் அவனுக்கு டபுள் காட் என்று பெயர். "விடை தப்பு, ஆனா விஷயம் சரி," என்றான். "அந்த நாலு பேர்ல ஒருத்தரு கண்ணாடி ரூம்ல உக்காந்திருப்பாரு." கையெழுத்து வாங்காமலே நழுவிவிட்டான்.

இப்படியே போயிருந்தால் சின்னவர் கனவை விட்டிருப்பார். அதற்குள் தகவல் போதுமைக் கேள்விகள் வந்தன. ஒரு கேள்வி, கீழே இரண்டு கூற்றுகள். அண்ணனின் வயது என்ன? கூற்று ஒன்று: அண்ணன் வயது தம்பியின் வயதைப் போல் இரண்டு மடங்கு. கூற்று இரண்டு: இருவர் வயதையும் கூட்டினால் இருபத்துநான்கு. முதல் கூற்று மட்டும் போதுமா, இரண்டாவது மட்டும் போதுமா, இரண்டும் சேர்ந்தால் போதுமா, தனித்தனியாகவே போதுமா, சேர்ந்தாலும் போதாதா என்று சொல்ல வேண்டும்.

"சேர்ந்தா போதும்," என்றார் சின்னவர். "சரி, அண்ணனுக்கு என்ன வயசு?"

"அது வேணாம் தம்பி. கண்டுபிடிக்க முடியுமா முடியாதான்னு சொன்னா போதும். விடை கேக்க மாட்டாங்க."

சின்னவர் பேனாவைக் கீழே வைத்தார். காதலில் விழுந்தவனின் முகம் வந்தது அவருக்கு. "விடையே வேணாமா?"

"வேணாம்."

"அக்கா, இதுதான் நிர்வாகம்! வாழ்நாள் பூரா நான் இதைத்தான் செஞ்சுக்கிட்டிருக்கேன். எங்கப்பாவுக்குத்தான் புரியல."

அன்றைக்கே கடையில் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அக்காவின் மேசையில் ஒலித்த தொலைபேசியைத் தானே எடுத்தார். மறுமுனையில் ஒரு மனிதர், தரையில் படுத்து முதுகு போய்விட்டது, மெத்தை எப்போது வரும் என்று கத்தியது எல்லோருக்கும் கேட்டது.

"அதைச் சொல்றதுக்குத் தேவையான தகவல் எங்ககிட்ட இருக்கு சார்," என்றார் சின்னவர் கனிவாக.

"இருக்குல்ல? அப்போ சொல்லுங்க!"

"இருக்குன்னுதான் சொல்றேன் சார். நன்றி." வைத்துவிட்டார்.

அந்த மனிதர் நேரில் வந்து அக்காவைத் திட்டியதை இங்கே எழுத முடியாது.

அந்த வாரக் கடைசியில் முதலாளி கண்ணாடி அறைக்குள் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, வர்ற வெள்ளிக்கிழமை இவன் மாதிரித் தேர்வு மார்க்கை என் கண்ணால பார்க்கணும். தேறலேன்னா படிப்பும் வேணாம், கப்பலும் வேணாம். இங்கயே கிடக்கட்டும்."

சின்னவர் அதுவரை எழுதிய மாதிரித் தேர்வுகளில் அவர் முந்தியது நூற்றுக்கு ஒன்பது பேரை. அந்த ஒன்பது பேர் யார் என்பது அக்காவுக்கு விளங்காத புதிராகவே இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் அவள் கதவைச் சாத்தினாள். "தம்பி, எழுந்திருங்க. இந்த ஒரு தடவை நான் போடுறேன்."

"ஏமாத்து இல்லையாக்கா?"

"பயிற்சிதானே. நாளைக்கு அப்பா சரின்னு சொன்னா, உண்மையான தேர்வுக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு. படிச்சுக்கலாம்."

அவர் எழுந்தார். அவள் அந்த நாற்காலியில், அவர் பெயரில் தேர்வு திறந்திருந்த கணினித் திரைக்கு முன்னால், உட்கார்ந்தாள்.

தேறினால் போதும் என்றுதான் ஆரம்பித்தாள். சத்தியமாக அப்படித்தான். நாலு கேள்வி சரி, ஒரு கேள்வி வேண்டுமென்றே தப்பு என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள். ஆனால் முதல் தப்பைப் போட வேண்டிய இடத்தில் விரல் நகர மறுத்தது. சரியான விடை கண்ணுக்கு நேரே நிற்கும்போது தப்பை அழுத்துவது, பந்தியில் எதிர்வீட்டுக்காரி பார்க்கும்போது கிழிந்த புடவையைக் கட்டிக்கொண்டு நிற்பது போல இருந்தது. அடுத்ததில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அடுத்தது அதைவிடச் சுவையாக இருந்தது. வருஷக் கணக்காக மற்றவர்களுடைய முதுகுவலியையே கேட்டுக் கிடந்த மூளை, கட்டவிழ்த்த கன்றாகத் துள்ளியது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அது பாடும்போது எவ்வளவு இன்பமாக இருந்திருக்கும் என்று யாரும் சொல்வதில்லை.

முடிவு திரையில் வந்தபோது சின்னவர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேரை அவர் முந்தியிருந்தார்.

வெள்ளிக்கிழமை முதலாளி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அவர் கண் கலங்கியது. அக்காவின் கண்ணும் நாற்காலியை நினைத்துக் கலங்கியது.

"தொண்ணூத்தெட்டு," என்றார். "எம் புள்ள."

"ஆமாங்கய்யா. தம்பிக்கு எந்தக் கல்லூரியும் இடம் குடுக்கும்."

"எதுக்கும்மா இடம்?" முதலாளி நிமிர்ந்தார். "படிக்கிறது அறிவு வர்றதுக்கு. இவனுக்குத்தான் வந்து வழியுதே! இவ்வளவு மூளையைத் தூக்கி வெளிநாட்டுக்காரனுக்குக் குடுக்க நான் என்ன கேணயனா? இங்கயே இருக்கட்டும். ஃபேக்டரியையும் சேர்த்து இவனே பார்க்கட்டும்."

சின்னவர் முகம் வெளுத்துப்போனது. "அப்பா, நான் போகணும்ப்பா. இந்த மார்க்கு..." என்று ஆரம்பித்தவர், நிறுத்திக்கொண்டு அக்காவைப் பார்த்தார்.

அக்கா வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. மனசுக்குள் அது ஒரு கேள்வியாக வந்து உட்கார்ந்துகொண்டது. சின்னவர் கடையிலேயே இருப்பாரா? கூற்று ஒன்று: அவர் அறிவாளி, அதனால் அப்பா அனுப்பமாட்டார். கூற்று இரண்டு: மார்க்கு அவருடையது இல்லை, அதனால் தேறவில்லை, அப்பா அனுப்பமாட்டார். உண்மையைச் சொன்னாலும் இருப்பார், சொல்லாவிட்டாலும் இருப்பார். ஒவ்வொரு கூற்றும் தனித்தனியாகவே போதும். சொன்னால் கூடுதலாக அவளுடைய வேலையும் போகும், ஆனால் அது கேள்வியில் இல்லை.

வாயை மூடிக்கொண்டாள்.

"உன்னையும் மறக்கலம்மா," என்றார் முதலாளி. "நாற்காலி தர்றேன்னு சொன்னேன்ல? சொன்ன சொல் மாறமாட்டேன். டேய், இங்க ஒரு நாற்காலி கொண்டா!"

டபுள் காட் வாசலிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து, மேலாளர் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டான். ஒரு கால் குட்டை.

"இதுல உக்காந்து தம்பி சொல்றதைக் கேட்டுக் கத்துக்கோ. இந்த மாதிரி ஆள்கிட்ட வேலை பழகுறது எல்லாருக்கும் கிடைக்காது," என்று சொல்லிவிட்டு முதலாளி வெளியே போய், தெருவில் போகிறவர்களிடமெல்லாம் தொண்ணூற்றெட்டைச் சொல்ல ஆரம்பித்தார்.

"கிணறு வெட்டப் போய் பூதம் வந்தது சரிக்கா," என்றான் டபுள் காட். "பூதத்துக்கே பாடம் சொல்லிக் குடுத்தது நீங்க ஒருத்தர்தான்."

அவன் போனதும் சின்னவர் மெல்லத் திரும்பினார். "கொஞ்சம் கம்மியாப் போட்டிருக்கக் கூடாதாக்கா? எழுபதோட நிறுத்தியிருந்தா நான் கப்பல் ஏறியிருப்பேன்."

"போட்டிருக்கலாம் தம்பி."

"அப்புறம் ஏன் போடல?"

வெளியே அவள் மேசையில் தொலைபேசி அடித்தது. பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து அவள் எழுந்தபோது அது ஒருபக்கம் சாய்ந்து நொடித்தது. போய் எடுத்தாள். தரையில் படுத்துக் கிடக்கும் அதே மனிதர்தான். மெத்தை எப்போது வரும், ஒரே வார்த்தையில் பதில் வேண்டும் என்றார்.

கம்ப்ளைண்ட் அக்கா கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்த சுழல் நாற்காலியை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"அதைச் சொல்றதுக்குத் தேவையான தகவல் எங்ககிட்ட இருக்கு சார்," என்றாள்.