அதிராத என்ஜின்

காலை ஆறு பத்துக்குப் பழைய என்ஜின் கடைசியாக ஓடியது. நான்கு பேர் தள்ளினார்கள். இருமிக்கொண்டே பிடித்தது. பிக்கப் வண்டி முழுவதும் குலுங்கியது. பின்பலகையில் வைத்திருந்த ஸ்பேனர் தானாக நகர்ந்து கீழே விழுந்தது.

“கேட்டீங்களா அண்ணி, டகடகன்னு? பிளாக்கே விரிசல் விட்டிருக்கு,” என்றான் மெக்கானிக். “இதுக்கு மேல தட்டிக்கொட்டி ஓட்ட முடியாது. வேற என்ஜின்தான்.”

அவன் அவளுடைய கணவரின் தம்பி. பட்டறையில் எல்லோருக்கும் அவன் ‘ஸ்கேல்’. சட்டைப் பையில் ஆறு அங்குல எஃகு ஸ்கேல் எப்போதும் இருக்கும். ஒருமுறை அளந்ததை இன்னொருமுறை அளக்காமல் நம்பமாட்டான். கல்யாணத்தன்றும் அது பையில் இருந்தது என்பார்கள்.

அவள் தேனீ வளர்க்கிறாள். இருபத்துநான்கு பெட்டிகள். அவை இருக்கும் பழத்தோட்டத்தில் பூ முடிந்துவிட்டது. முப்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு சூரியகாந்தி வயல் இன்னும் ஒன்பது நாளில் விரியும்.

“பூ விரியிற அன்னைக்குப் பெட்டி இங்க இருக்கணும்மா,” என்று வயல்காரர் சொல்லியிருந்தார். “இன்னொருத்தர் கேட்டுக்கிட்டே இருக்கார். உங்க பேருக்காகத்தான் நான் பிடிச்சு வெச்சிருக்கேன்.”

வயல் கைவிட்டுப் போனால் தேனீக்கள் சேர்த்ததையே தின்னும். அது தீர்ந்தால் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் காலியாகும்.

வேறு வண்டி வைத்துப் பார்த்தாயிற்று. இரண்டு வருடம் முன்பு பிக்கப் படுத்துக்கொண்டபோது ஒரு லாரி வந்தது. லாரியோடு வந்த ஆள் மூன்று பெட்டி ஏற்றினான். நான்காவதில் தேனீக்கள் கிளம்பின. அவன் ஓடைக்குள் குதித்தான். டிரைவர் லாரியை விட்டுவிட்டு ஓடினான். அதற்குப் பிறகு யாரும் வண்டி தருவதில்லை.

“ஏத்தினவன் கை சரியில்ல,” என்றாள் அவள் அன்று. எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அவள் ஏற்றினால் ஒன்றுகூட வெளியே வராது. பதினோரு வருடமாக அப்படித்தான். கையுறை போடமாட்டாள். தூக்கும்முன் மூடியில் கை வைத்துப் பார்ப்பாள். பெட்டியின் வாசலை அடைக்கவும் மாட்டாள். அடைத்தால் உள்ளே வெந்துபோகும் என்பாள். விடியலில் திறந்தபடியே ஏற்றி, மேலே ஒரு வலையைப் போட்டுக் கட்டுவாள். கைராசிக்காரி என்று பெயர். வயல்காரர் சொன்ன பேர் அதுதான்.

அவள் கணவருக்கு அச்சகத்தில் வேலை. தேனீ கொட்டினால் அவருக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஒருமுறை ஆஸ்பத்திரி வரை போய் வந்தவர். பெட்டி ஏற்றும் நாளில் அவர் வேலை, வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருப்பது.

“எங்க வீட்டுக்காரர் மாதிரி உழைக்கிற ஆள் கிடையாது,” என்பாள். “வியர்த்து வழியும். உட்கார்ந்த இடத்துலயே.”

அவர் சிரிப்பார்.

ஸ்கேல் அன்று மாலையே நோட்டுப் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தான். சமையலறை மேசையில் பாத்திரங்களைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தான்.

“ஒரு பெட்டி எவ்வளவு எடை?”

“முப்பது கிலோ. தேன் இருந்தா நாப்பது.”

“வழியில ஏத்தம்?”

“பாலத்துக்கு முன்னாடி ஒண்ணு இருக்கு.”

“வேகமா போனா அதுங்களுக்குப் பிடிக்குமா?”

“வேகம் இருந்துட்டுப் போகட்டும். ஆட்டம்தான் ஆகாது. பள்ளத்துல விட்டா உள்ள அடை உடையும்.”

‘ஆட்டம் கூடாது’ என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டான்.

இருபத்தாறு கேள்விகள். அண்ணன் தேநீர் கொண்டுவந்து வைத்தார். அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.

பின்பக்கம் மோதி நசுங்கிய ரொட்டி வண்டி ஒன்று பழைய வண்டிகள் உடைக்கும் இடத்தில் கிடந்தது. முன்பாதியில் கீறல் இல்லை. டீசல் என்ஜின்; பழையது பெட்ரோல். ஸ்கேல் ஆயிலை விரலில் தொட்டுத் தேய்த்து முகர்ந்தான். மூடியைத் திறந்து டார்ச் அடித்தான்.

“நல்லா வெச்சிருந்திருக்கான்.”

“யாரு?” என்றாள்.

“யாரோ. நேரத்துக்கு ஆயில் மாத்தியிருக்கான். மனுஷன்.”

சீட்டுக்கு அடியில் இன்னும் ரொட்டித் துகள் இருந்தது.

மூன்றாம் நாள் பழைய என்ஜின் சங்கிலியில் தொங்கியபடி மேலே எழுந்தது. அது இருந்த பள்ளத்துக்குள் ஸ்கேல் தலையை விட்டான். வெகுநேரம் தலையை வெளியே எடுக்கவில்லை.

“அண்ணி, இங்க பாருங்க. என்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவுல ஒரு ரப்பர் இருக்கணும். மெத்தை மாதிரி. இந்தப் பக்கம் அது எப்பவோ பொடியா போயிருக்கு. இரும்பு மேல இரும்பு உட்கார்ந்திருக்கு.”

“எத்தனை வருஷமா?”

“என்னைக் கேட்டா? நீங்க புது வண்டி வாங்கின நாள்லேர்ந்து இருக்கலாம்.”

“அது புது வண்டியாப்பா?”

“என்ஜின் ஆடுற ஆட்டமெல்லாம் நேரா பெட்டிக்குப் போயிருக்கு. பாவம் அதுங்க.” மிச்சமிருந்த ரப்பரை நெம்பி எடுத்துக் குப்பையில் போட்டான்.

அன்று பிற்பகல் முழுக்க அவன் அட்டையில் ஒரு என்ஜின் செய்தான். ரொட்டி வண்டி என்ஜினின் நீளம், அகலம், உயரம் எல்லாம் அளந்து, அட்டைப்பெட்டிகளை வெட்டி ஒட்டி, அடியில் ஆயில் தொட்டிக்கு ஒரு தொப்பை வைத்தான். அதைத் தூக்கி வண்டிக்குள் இறக்கினான்.

அவள் எட்டிப் பார்த்தாள். “இதையே மாட்டிடு தம்பி. தள்ளுறதுக்கு லேசா இருக்கும்.”

அட்டை என்ஜின் உதவியது. தொப்பை குறுக்குச் சட்டத்தில் இடித்தது. இரண்டு விரற்கடை மேலே தூக்கினால் பானெட் மூடவில்லை. நான்கு விரற்கடை பின்னால் தள்ளினால் எல்லாம் உட்கார்ந்தது. ஆனால் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட் நீளம் கூடிவிட்டது. அதை லேத் பட்டறைக்குக் கொடுத்து நான்கு விரற்கடை வெட்டினார்கள். கியர்பாக்ஸும் ரொட்டி வண்டியுடையதுதான். புதிய தாங்கிகள் வெட்டி வெல்டிங் வைத்தான். இரண்டு பக்கமும் புது ரப்பர், கிடைத்ததிலேயே மெத்தென்றது.

ஐந்தாம் நாள் உண்மையான என்ஜின் இறங்கியது. அட்டை என்ஜினுக்கு விசிறி வைக்க மறந்திருந்தான். விசிறி ரேடியேட்டரைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஸ்கேலை எடுத்து அளந்தான். இன்னொருமுறை அளந்தான். ரேடியேட்டரை முன்னால் தள்ள ஒரு நாள் போனது.

ஏழாம் நாள் சாவியைத் திருப்பினான். தொட்டதும் பிடித்தது.

டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி வண்டியின் பின்தளத்தில் வைத்தான். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். தண்ணீரில் மெல்லிய வளையம் ஒன்று வந்தது. பிறகு அதுவும் இல்லை.

“கப்பல்!” என்றார் அண்ணன்.

ஸ்கேல் அந்தத் தண்ணீரையே குடித்தான்.

எட்டாம் நாள் விடியலில் பழத்தோட்டத்துக்குப் போனார்கள். அவள் கணவர் வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தினார். கண்ணாடியை ஏற்றினார். பிறகு சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்தினார். பழைய என்ஜினில் அது முடியாது. நின்றால் தள்ள நான்கு பேர் வேண்டும்.

“நிம்மதியா இருக்கு,” என்றார் கண்ணாடிக்குள்ளிருந்து. தோட்டத்தில் பறவைகள் கத்துவதே அப்போதுதான் கேட்டது.

அவள் முதல் பெட்டியை ஏற்றினாள். இரண்டாவது. மூன்றாவதைத் தளத்தில் வைத்தபோது முதல் பெட்டியின் வாசலில் தேனீக்கள் குவிந்திருந்தன. நான்காவதைத் தூக்கினாள். அவை கிளம்பின.

புகை அடித்தாள். கேட்கவில்லை. மணிக்கட்டில் கொட்டியது. கழுத்தில் கொட்டியது. அவள் பெட்டியைக் கீழே போடவில்லை. ஒவ்வொன்றாக இறக்கித் திரும்ப அதன் இடத்தில் வைத்தாள். வெயில் வந்துவிட்டது.

பட்டறையில் அவள் கணவர் கொடுக்குகளைச் சுரண்டி எடுத்தார். பதினேழு.

“சோப்பு மாத்தினியா?” என்றார்.

“இல்ல.”

“அப்போ டீசல் நாத்தமா இருக்கும்.”

“கை போயிடுச்சுங்க,” என்றாள். தன் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “நாளைக்குப் பூ விரியுது. கை போயிடுச்சு.”

“கை எங்கயும் போகாது அண்ணி, தோள்லதான் மாட்டியிருக்கு,” என்றான் ஸ்கேல். “மாறினது எதுன்னு ஒண்ணொண்ணா பார்ப்போம்.” நோட்டைத் திறந்தான்.

மாலை, பறக்கப் போனவை எல்லாம் திரும்பியபிறகு, மறுபடி தோட்டத்துக்குப் போனார்கள். ஒரே ஒரு பெட்டியை வைத்துக்கொண்டார்கள். முதலில் ஸ்கேல் டீசலில் நனைத்த துணியைத் தரையிலிருந்த பெட்டியின் வாசலருகே வைத்தான். இரண்டு தேனீக்கள் வந்து பார்த்துவிட்டு உள்ளே போயின. நோட்டில் டீசல் என்ற சொல்லை அடித்தான்.

பிறகு பெட்டியை நின்றிருந்த வண்டியில் ஏற்றினார்கள். வாசலில் குவிந்தன. என்ஜினை ஓடவிட்டார்கள். அப்போதும் குவிந்தன. கொஞ்சம் குறைவாகவோ என்று அவளுக்குத் தோன்றியது. சொல்லத் தைரியம் வரவில்லை.

வலைத் தொப்பி மாட்டியிருந்த ஸ்கேல் தளத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. தளம் பாறைபோல் இருந்தது. கையை எடுக்காமல் நின்றான். பிறகு போய் டிரைவர் கண்ணாடியைத் தட்டினான். ஒரு விரல் அளவு இறங்கியது.

“அண்ணா, பழைய என்ஜின் இருந்தப்போ நீ உள்ள உட்கார்ந்து என்னதான் பண்ணுவ?”

“என்ன பண்ணுவேன்? கால வெச்சிருப்பேன். எடுத்தா நின்னுடும்ல.”

“ஆக்ஸிலேட்டர்லயா? எவ்வளவு அழுத்துவ?”

“எவ்வளவுன்னா…” அவர் யோசித்தார். மேலே இருந்த சிறு கண்ணாடியைக் காட்டினார். “இதுல என் மூஞ்சி ரெண்டா தெரியணும். ஒண்ணா தெரிஞ்சா நிக்கப் போகுதுன்னு அர்த்தம். மூணா தெரிஞ்சா புகை வரும். ரெண்டுல வெச்சிருப்பேன்.”

“பதினோரு வருஷமா?”

“பல்லு ரெண்டு ஆடுது. யார்கிட்ட சொல்றது?”

ஸ்கேல் சிரிக்கவில்லை. கருவிப் பெட்டியில் உடைந்த சுத்தியல் பிடி ஒன்று இருந்தது. அதைச் சீவி ஆப்பு ஆக்கினான். பானெட்டைத் திறந்து, என்ஜின் தாங்கிக்கும் சேஸிஸுக்கும் நடுவே, தான் தேடித்தேடி வாங்கிய மெத்தை ரப்பருக்குப் பக்கத்தில், அதை வைத்து அடித்தான். மூன்றாவது அடியில் வண்டி உறுமியது. பின்பலகை கடகடவென்று ஆடத் தொடங்கியது.

“அண்ணா, ரெண்டு!”

உள்ளே அவர் கண்ணாடியைப் பார்த்துக் காலை அழுத்தினார்.

அவள் பெட்டியின் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குவிந்திருந்தவை அசையாமல் நின்றன. பிறகு ஒரு ஓரத்தில் சில திரும்பின. மற்றவை பின்னால் போயின. வாசல் காலியாகிப் பலகையின் மரம் தெரிந்தது. அவள் வீங்கிய கையைப் பெட்டியின் மூடிமேல் வைத்தாள். உள்ளே இருந்த இரைச்சலும் வண்டியின் அதிர்வும் வேறு வேறாகத் தெரியவில்லை.

“கால எடுங்க,” என்றாள்.

எடுத்தார். ஸ்கேல் ஆப்பைத் தட்டி எடுத்தான். சற்று நேரத்தில் அவை வந்தன.

“போடுங்க.”

போட்டார்கள். உள்ளே போயின.

நான்கு முறை செய்து பார்த்தாள். ஐந்தாவது முறை செய்யச் சொல்லவில்லை. வண்டியின் சக்கரத்தருகே உட்கார்ந்துவிட்டாள்.

“அந்த லாரி,” என்றாள். “ரெண்டு வருஷம் முன்னாடி. அன்னைக்கு ஓடிட்டிருந்துச்சா, நின்னுட்டிருந்துச்சா?”

“நின்னுட்டிருந்துச்சு,” என்றார் கணவர். “டிரைவர் இறங்கி வேடிக்கை பார்த்தானே.”

“அந்த ஆளை நான் என்னென்ன சொன்னேன்.”

ஸ்கேல் ஆப்பில் ஒரு ஓட்டை போட்டுக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். அதன் நீளத்தை அளந்து நோட்டில் எழுதினான்.

ஒன்பதாம் நாள் விடியலில் ஆப்பை அடித்துவிட்டு இருபத்துநான்கு பெட்டிகளையும் ஏற்றினாள். ஒன்றுகூட வரவில்லை. வலையைக் கட்டினாள். வழியில் ஆட்டம் வேண்டாமென்று ஆப்பை உருவினார்கள். பாலத்துக்கு முன்னாலிருந்த ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்காமல் ஏறியது. வயல் ஓரம் நின்றதும் ஸ்கேல் இறங்கிப் பானெட்டைத் திறந்தான். மூன்று அடி. உள்ளே அண்ணன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டார்.

கிழக்குப் பக்க வரிசைகளில் பூக்கள் விரியத் தொடங்கியிருந்தன. அவள் கையுறை போடாமல் பெட்டிகளை இறக்கினாள். ஒவ்வொன்றையும் தூக்கும்முன் கொஞ்சம் நின்று, மூடியில் கை வைத்துப் பார்த்தாள். பழக்கம் விடவில்லை.

வயல்காரர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கூடவே அவர் மனைவியும் இரண்டு வேலையாட்களும். கடைசிப் பெட்டி தரையில் உட்கார்ந்ததும் அவர் கிட்டே வந்தார்.

“கேள்விப்பட்டதுதான். இன்னைக்குக் கண்ணால பார்த்துட்டேன்,” என்றார். “போன வருஷம் வந்தவர் தலையிலேர்ந்து கால் வரைக்கும் மூடிக்கிட்டு வந்தார். அப்பவும் இந்த வயல்ல நாலு பேர் ஓடினோம். நீங்க வெறுங்கையோட நிக்கிறீங்க. ஒண்ணுகூட வெளிய வரலையே. எப்படிம்மா?”

அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஸ்கேல் கயிறு கட்டிய ஆப்பைப் பிடித்தபடி பானெட்டுக்குப் பக்கத்தில் நின்றான். வண்டி இன்னும் குலுங்கிக்கொண்டிருந்தது.

டிரைவர் பக்கத்துக் கண்ணாடி ஒரு விரல் அளவு இறங்கியது.

“ஏம்மா,” என்றார் அவள் கணவர், “நான் சொல்லட்டுமா?”